எனக்கு நிச்சயமாகத் தெரியும்

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததும் விடியாததுமாக மேலப்பட்டியில் ஒரு கிடாரிக்குப் பிரசவம். கன்று தலையைத் திருப்பிக்கொண்டு வர மறுத்தது. தோள் வரை கையை விட்டு, ஒரு வழியாக இழுத்துப் போட்டேன். தாயும் பிள்ளையும் நலம். எனக்குத்தான் வலது கையைத் தூக்க முடியவில்லை.

குளித்துவிட்டு இடது கையால் போனை எடுத்தால் ‘ஆலடிக்குளம் பேசுகிறது’ குழு பற்றி எரிகிறது. ஊரில் பாதிப் பேர் இருக்கும் முகநூல் குழு. சனிக்கிழமை கீழத்தெருவில் ஒரு சின்னப் பெண்ணைத் தெருநாய் கடித்துவிட்டது. லாரியில் ஏற்றி மலையில் விட வேண்டும் என்கிறார் ஒருவர். கோழிக்கறியில் மருந்து வைக்கத் தேதி குறிக்கிறார் இன்னொருவர். நாய்களுக்குப் பிஸ்கட் போடும் ஆட்களை முதலில் கட்டி வைக்க வேண்டும் என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

ஊரில் நாய்க்கும் மாட்டுக்கும் மருத்துவம் பார்ப்பவள் நான் ஒருத்திதான். சும்மா இருக்கலாமா? எழுதினேன். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும், நாய்களைக் கொல்வதால் பயனில்லை, பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்துவிட்டால் சில வருடங்களில் எண்ணிக்கை குறையும். கீழே என் பெயர், படிப்பு எல்லாம் போட்டேன்.

நாலு பேர் படித்துப் பயன்பெறுவார்கள் என்று நினைத்தேன். இதை இங்கே குறித்து வைக்கிறேன். பிற்பாடு சிரிக்க உதவும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பயன்பெற்றுவிட்டார்கள்.

நாய்களைக் கொல்லச் சொல்லும் கட்சிக்கு நான் நாய்களின் கைக்கூலி. நாய்களைக் காக்கும் கட்சிக்கு நான் கொலைகாரி. “வாயில்லாத ஜீவனுக்குக் கருத்தடை செய்ய நீ யார்? உனக்குச் செய்தால் சம்மதமா?” என்று கேட்டவர் யாரென்று பார்த்தால் பெங்களூர்க்காரர். ஆலடிக்குளம் தென்காசிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. ஒருவர் என் பதிவில் ஒற்றுப்பிழைகளை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறார். நடுவில் ஒரு அம்மாள், “டாக்டர், எங்க கோழிக்குக் கண்ணுல நீர் வடியுது, என்ன செய்ய” என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் நடந்த ஒரே மனிதப் பேச்சு அதுதான்.

பால்துரை அண்ணாச்சியும் எழுதியிருந்தார். என் கிளினிக்குக்கு நேர் எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர். “டாக்டரம்மா மேல மரியாதை உண்டு. ஆனா கடிபட்டது எங்க அண்ணன் பேத்தி. கெண்டைக்கால் சதை தொங்குது. நாய்க்கு வக்கீல் வேண்டாம்.” சொந்தப் பெயரில் எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது. பிள்ளை நலமடைய வேண்டும் என்று பதில் போட்டேன். அவர் விருப்பக்குறி கூடப் போடவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மோட்டார் காயில் போய்விட்டது. எலெக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறேன் என்றார், போன வாரம் சொன்னது போலவே.

‘உண்மை விளம்பி’ என்று ஒரு புதுக் கணக்கு வந்திருக்கிறது. முகத்துக்குப் பதில் சிங்கப் படம். தடுப்பூசிக் கம்பெனியிடம் எனக்குக் கமிஷன் வருகிறதாம். நான் ஆதாரம் கேட்டேன். “ஆதாரம் கேட்பதே குற்றவாளியின் லட்சணம்” என்று பதில். அதற்குக் கைதட்டுகிறவர்களில் போன மாதம் தன் பசுவுக்கு என்னிடம் இலவசமாக ஊசி போட்டுக்கொண்ட ஆளும் இருக்கிறார்.

“போன வச்சிட்டுச் சாப்பிடு” என்றார் என் கணவர் சிதம்பரநாதன். அவர் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். குழுவில் அவரும் உண்டு. எல்லாவற்றையும் படிப்பார், ஒரு வரி எழுத மாட்டார்.

“உங்களுக்குக் கோவமே வராதா?”

“வந்து என்ன செய்ய? சட்னிய இங்கிட்டுத் தள்ளு.”

ஆகஸ்ட் 9, சனி

இனி பதில் எழுதுவதில்லை என்று காலையில் முடிவெடுத்தேன். மதியச் சாப்பாடு வரை தாங்கியது.

ஆகஸ்ட் 11, திங்கள்

உண்மை விளம்பி இன்று எழுதியது: “தொட்டில் ஆடாத வீட்டுல நாய்தான் பிள்ளை. மதுரைக்கு நடையா நடந்தும் மடி நிறையாதவங்களுக்கு ஊர்ப் பிள்ளையை நாய் கடிச்சா என்ன, நரி கடிச்சா என்ன?”

நிறைய சிரிப்புக் குறிகள். தெரிந்த பெயர்களும் அதில் உண்டு.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடிப்படையில் இது வாதமே இல்லை. ஒருவருக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பதற்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. படித்தவர்கள் இதையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டும்.

கிளினிக்கில் ஒரு வெள்ளாட்டுக்கு மருந்தின் அளவைக் கூட்டி எடுத்துவிட்டேன். உதவிக்கு இருக்கும் சுடலைமணி, “டாக்டர், இது ஆடு” என்றார். நல்லவேளை. இன்று வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதுரை யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமைகளில் விடிகாலை பஸ் பிடித்துப் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவோம். கேட்டால் உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்போம். எத்தனை வருடம் எத்தனை விசேஷம். அம்மாவுக்குத் தெரியும், அவள் இப்போது இல்லை. இவருடைய அக்காவுக்குக் கூடச் சொன்னதில்லை.

ஆனால் குழந்தைக்காக மதுரையில் எழுதிக் கொடுத்த ஊசிகளை வாங்கியது எதிர்க்கடையில். பெட்டியில் பனிக்கட்டி போட்டு, மேலே பழுப்புத்தாளைச் சுற்றி, எதுவும் கேட்காமல் கொடுப்பார் பால்துரை அண்ணாச்சி. சீட்டில் மதுரை ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கும். அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும். நாய் விஷயத்தில் என் மேல் கோபமும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

இவரிடம் சொன்னேன்.

“அவரா இருக்காது” என்றார்.

“எப்படிச் சொல்லுதீங்க?”

“சும்மா. அவரு அப்படிப்பட்ட ஆளில்ல.”

“வேற யாருக்குத் தெரியும் அப்போ?”

ஷட்டில் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்த மனிதருக்கு ஊரே இடிந்தாலும் மாலையில் பந்தடிக்க வேண்டும்.

பால்துரைதான். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆகஸ்ட் 13, புதன்

தம்பி திருமலைக்குமார் சென்னையிலிருந்து கூப்பிட்டான். எல்லாவற்றையும் படித்திருக்கிறான்.

“யாருக்கா அவன்? பேர மட்டும் சொல்லு.”

“சொன்னா நீ சும்மா இருக்க மாட்ட.”

“ஒன்னப் பத்தி இப்படி எழுதுவான், நாங்க சும்மா இருக்கணுமா?”

சொன்னேன். எதுவும் செய்யக் கூடாது என்றும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தம்பியின் பதிவு. பால்துரை மருந்துக்கடையின் படம், கடைப் பலகை, அதில் பெரிதாகப் போன் நம்பர். “நோயாளியின் ரகசியத்தைச் சந்தியில் விற்கும் மருந்துக்கடை. ஒரு பெண் மருத்துவரை அவமானப்படுத்தும் உண்மை விளம்பி இவர்தான்.” நாய்களைக் காக்கும் குழுக்கள் எல்லாம் அதை எடுத்துப் பகிர்ந்திருக்கின்றன. எனக்குக் கருத்தடைச் சாபம் கொடுத்த பெங்களூர்க்காரர் இப்போது என்னைச் சகோதரி என்கிறார்.

எடுத்துவிடச் சொல்லலாம் என்று நினைத்தேன். முதலில் சமையல் ஆகட்டும் என்று வைத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே எல்லாப் பின்னூட்டங்களையும் படித்தேன்.

பல நாள்களுக்குப் பிறகு இன்று நன்றாகப் பசித்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் தள்ளுகிறார்கள். காலாவதி மருந்து விற்கிறாராம். இந்தக் கடை இருமல் மருந்தைக் குடித்து ஒரு குழந்தை செத்தது என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். எழுதியவள் ஊர் புனே. இது கொஞ்சம் அதிகம்தான்.

தம்பியைக் கூப்பிட்டேன்.

“நான் எடுத்தாலும் நிக்காதுக்கா. எல்லாரும் படம் பிடிச்சு வச்சிருப்பாங்க. கை மீறிப் போயிட்டு.”

“போயிட்டுன்னா?”

“போயிட்டு அவ்வளவுதான். நீ ஏன் அவனுக்குப் பாக்குற?”

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எதிர்க்கடையில் பாதி ஷட்டர்தான் திறந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. சுடலைமணி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பால்துரையின் மனைவி தங்கபுஷ்பம் உள்ளே வந்தாள். எதிரெதிரே இத்தனை வருடம் இருந்தும், அவள் என் கிளினிக் படி ஏறியது இதுதான் முதல் தடவை. கையில் கடைப் போன். அது அடித்துக்கொண்டே இருந்தது. நாய்களைப் படுக்க வைக்கும் மேசையின் நடுவில் அதை வைத்தாள்.

“எடுத்துப் பேசுங்க டாக்டரம்மா.”

“புஷ்பக்கா, உக்காருங்க...”

“உக்கார வரல. நீங்க எடுத்துப் பேசுங்க. விடிஞ்சதுல இருந்து நான்தான் எடுக்கேன். மருந்து கேட்டு யாராவது கூப்பிட்டிருப்பாவன்னு எடுக்கேன். ஒரு தடவ நீங்க எடுங்க.”

அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. எடுத்தேன்.

ஒரு பெண் குரல். சின்ன வயதுதான், படித்த குரல். ஆலடிக்குளத்தில் எவளும் தண்ணீர்க் குழாயடியில் கூட உதிர்க்காத ஒரு வார்த்தையோடுதான் ஆரம்பித்தாள். உன் புருஷனை வெளியே விட மாட்டோம், உன் மகளுக்கு எப்படிக் கல்யாணம் நடக்கிறது என்று பார்க்கிறோம், செண்பகவல்லி மேடத்துக்கு நியாயம் கிடைக்கும் வரை விடமாட்டோம் என்றாள்.

“நான்தான் செண்பகவல்லி” என்றேன்.

“நடிக்காதடி கிழவி” என்றாள்.

“அம்மா, நான் சொல்லுதேன் கேளு. நான்தான் அந்த டாக்டர். இப்படிப் பேசச் சொல்லி நான் யாரையும் கேக்கல...”

எனக்காக என்னையே திட்டினாள். ஏதேதோ. என் தாயாரையும் சேர்த்து. பிறகு வைத்துவிட்டாள்.

புஷ்பக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “இப்படித்தான். சின்ன மவ காலேஜுக்குப் போகமாட்டேன்னு படுத்துக் கெடக்கா. அவுகளுக்குத் தமிழ்ல டைப் அடிக்கவே தெரியாது. அன்னைக்கு ஒங்களுக்கு எழுதுனதையே சின்னவதான் அடிச்சுக் குடுத்தா.”

நான் நம்பவில்லை. தெரியாது என்று யாரும் சொல்லலாம்.

அப்போது என் போன் ஒலித்தது. உண்மை விளம்பி புதிதாக எழுதியிருந்தான்: “டாக்டரம்மாவுக்கு அடியாள் பலம் கூடிவிட்டது. அடுத்த மதுரைப் பயணம் எப்போது?” இப்போதுதான் போட்டிருக்கிறான். சன்னல் வழியாக எதிரே பார்த்தேன். பாதி ஷட்டருக்குக் கீழே பால்துரை அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கால் மேல். அவருடைய போன் என் மேசையில்.

புஷ்பக்கா போனை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, “மருந்துக் கடைக்காரன் வாயத் தொறந்தா ஊர்ல பாதிக் குடும்பம் நிக்காது டாக்டரம்மா. இத்தன வருசமா தொறக்கல. ஒங்களுக்கா தொறப்பாவ?” என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால்துரை இல்லை என்றால் வேறு யார் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“நான்தான் சொன்னேன்.”

எனக்குப் புரியவில்லை.

“வெளையாடிட்டு டீ குடிக்கிற எடத்துல. போன வருசம். எல்லாரும் பிள்ளைங்க படிப்பு, பிள்ளைங்க பீஸுன்னு பேசிட்டு இருந்தாங்க. ஒங்களுக்கென்ன சார், செலவே இல்லன்னு ஒருத்தன் சிரிச்சான். நாங்களும் பாக்காத டாக்டர் இல்ல, மதுரைக்கு அலையாத அலைச்சல் இல்லன்னு சொல்லிட்டேன்.”

“இது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“அவன் எழுதுன அன்னைக்கே.”

“அண்ணாச்சி பேர நான் சொன்னப்போ?”

தலையைக் குனிந்துகொண்டார். நான் என்னென்னவோ பேசினேன். அதை இங்கே எழுதவில்லை. அந்தப் போன் பெண்ணிடமிருந்து கற்ற ஒரு வார்த்தையும் அதில் இருந்தது. முடிந்த பிறகு அவர் சொன்னார்: “நானும்தான் மதுரைக்கு வந்தேன், செண்பகம். யார்கிட்டயாவது ஒரு தடவ சொல்லணும்னு இருந்துச்சு.”

ஒவ்வொரு வெள்ளியும் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே போவது நான், ஊசி எனக்கு. பெஞ்சைப் பற்றி நான் யோசித்ததில்லை.

சோறு வைக்கவில்லை. அவர் வைத்தார். குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தம்பி பதிவை நீக்கிவிட்டான். நீக்கும்போதும், “நீ ரொம்ப எளகுனவக்கா” என்றான். எனக்கு அவனிடம் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

நான் எழுதினேன்: “பால்துரை அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆதாரம் இல்லாமல் அவர் பெயரைச் சொன்னவள் நான். என் தம்பி எழுதியது நான் சொன்னதால். அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தயவுசெய்து அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள்.”

ஒரு கட்சி: எவ்வளவு வாங்கினாய்? மறு கட்சி: மேடத்தை மிரட்டி எழுத வைத்திருக்கிறார்கள், விடாதீர்கள், இன்னும் கூப்பிடுங்கள். பெங்களூர்க்காரருக்கு நான் மறுபடியும் கொலைகாரி. ஒற்றுப்பிழைக்காரர் இந்தப் பதிவில் பிழை இல்லை என்று பாராட்டியிருக்கிறார்.

பகிர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகஸ்ட் 23, சனி

கடைக்குப் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய், மருந்து அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். அடுக்கியதையே அடுக்கினார். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் முதுகைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டேன். திரும்பவில்லை.

போன் அடித்தது. புஷ்பக்கா அதை வெறித்துப் பார்த்தாள்.

“அதை என்கிட்டக் குடுங்க அக்கா” என்றேன். “கிளினிக் முடிச்சிட்டு நான் வந்து உக்காந்து எடுக்கேன். பகல்லயும் நானே வச்சிருக்கேன். மருந்து கேட்டு வந்தா உடனே ஒங்ககிட்டக் கொண்டாந்து தாரேன்.”

புஷ்பக்கா கணவரைப் பார்த்தாள். அவர் இன்னொரு அட்டையை எடுத்து வைத்தார். அவள் போனை என் பக்கம் தள்ளினாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

“வணக்கம், நான் டாக்டர் செண்பகவல்லி. நீங்க நெனச்சுக் கூப்பிட்ட ஆள் தப்பே செய்யல. தப்பு செஞ்சது நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க.”

இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பாதிப் பேர் நம்புவதில்லை. சிலர் சட்டென்று வைத்துவிடுகிறார்கள். ஒரு பையன், “ஸாரி மேடம், பிரண்டு பந்தயம் கட்டுனான்” என்றான். பந்தயமாம். ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி, எங்க லாப்ரடாருக்கு முடி கொட்டுது” என்றார். ஒரு கையில் பூனையைப் பிடித்துக்கொண்டு அதற்கும் பதில் சொன்னேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இவர் ஷட்டிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். இன்று ஒரு பெயரைச் சொன்னார். செலவே இல்லையே சார் என்று சிரித்த ஆள். நேற்று அவனிடம் நேராகவே போய்க் கேட்டிருக்கிறார். இவர் போய் ஒருவரை நேராகக் கேட்டார் என்பதையே நம்ப எனக்கு நேரம் பிடித்தது. அவன் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தானாம். ஆனால் ராத்திரியோடு உண்மை விளம்பி கணக்கு காணாமல் போய்விட்டது.

அவனேதான். சந்தேகமே இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பால்துரை விஷயத்திலும் இப்படித்தான் தெரிந்திருந்தது.

தம்பி இரண்டு தடவை கூப்பிட்டான். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டான். இல்லை என்றேன். போலீஸ் ஸ்டேஷனில் அந்தக் கணக்கின் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன், பதிவுகளின் படங்களோடு. கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கண்டுபிடிக்கட்டும். எஸ்.ஐ., “யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?” என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். இவர் மனசு புரிந்தது. விளையாடுகிற இடத்தில் பேசியதை மட்டும் சொல்லுங்கள், பெயரை அவர்கள் விசாரித்து எடுக்கட்டும் என்றேன். சொன்னார். அங்கே ஆடுகிற அத்தனை பேரையும் விசாரிப்பார்களாம். அவன் பெயரை இந்த நோட்டில் கூட எழுதப் போவதில்லை. எழுதக் கை வருகிறது என்பதையும் மறைக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அழைப்புகள் குறைகின்றன. குழுவில் இப்போது பஸ் ஸ்டாண்டை மாற்றுவது பற்றிச் சண்டை. அந்தத் தலைமையாசிரியரை நாலு பேர் கடித்துக் குதறுகிறார்கள். பாவமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

நாய் கடித்த கீழத்தெருப் பெண் நொண்டாமல் நடக்கிறாளாம். புஷ்பக்கா சொன்னாள். அண்ணாச்சி இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஸ்டூலில் இருப்பேன், அவர் அட்டைகளோடு இருப்பார். கடைக்கு வருகிறவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

செப்டம்பர் 3, புதன்

கிளினிக்கில் இரண்டு நாய்க்குட்டிகளுக்குத் தடுப்பூசி, ஒரு மாட்டுக்கு வயிற்று உப்புசம். முடித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் போன் அடிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அடித்தது. வணக்கம் என்று என் பாடத்தைத் தொடங்கினேன்.

“மெடிக்கலா?” என்றது ஒரு பெண் குரல். பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. “பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்திருக்காவ. சொட்டு மருந்து இருக்கா? எங்க வீட்டுல ஆள் இல்ல, நான்தான் வரணும்.”

அவள் திட்டவில்லை என்பது புரியவே எனக்கு ஒரு நிமிடம் ஆனது. போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினேன்.

“அண்ணாச்சி, கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கேக்காங்க.”

அட்டைகளை அடுக்கிய கை நின்றது. கல்லாவைச் சுற்றி வந்து, என் கையிலிருந்து போனை வாங்கினார்.

“பால்துரை மெடிக்கல்” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “சொல்லும்மா. பிள்ளைக்கு எத்தன மாசம்? எடை கடைசியா எப்போ பாத்தீங்க?... சீட்டுல உள்ளத அப்படியே படி... இருக்கு, இருக்கு. பிள்ளையத் தூக்கிட்டு நீ அலைய வேண்டாம். எந்தத் தெரு? நான் கொண்டாந்து தாரேன்.”

மருந்தை உறையில் போட்டார். சைக்கிளை எடுத்தார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் ஸ்டூலை விட்டு எழுந்து நின்றேன். தெருவில் இறங்கியவர், பெடலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“நாளைக்கு நீங்க வரவேண்டாம். போன நாங்களே எடுத்துக்கிடுவோம்.”

“சரி அண்ணாச்சி” என்றேன்.

அவர் சைக்கிள் முக்கு திரும்பும் வரை நின்றேன். பிறகு புஷ்பக்காவோடு சேர்ந்து, பாதியில் நின்றிருந்த ஷட்டரை முழுவதும் மேலே தள்ளினோம். வலது கை இன்னும் வலிக்கிறது.